இரண்டு பேருக்கான சஹன்

நான் மலைமேல் இருந்த காவல் குடிசைக்குள், அந்த வாடிக்குள், குனிந்து நுழைந்தபோது பெரிய சஹன் தட்டில் சோறு பரத்தி வைத்திருந்தது. நடுவில் கத்தரிக்காய்ப் பால்கறி, ஓரத்தில் பொரித்த கருவாடு. இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.

டெலிபோன் நேற்று இரவே செத்துவிட்டது. நான் வருகிறேன் என்று முஹ்ஸினுக்கு யார் சொன்னது?

"சோறு ஆறப் போகுது, இரிங்க நஸீம் காக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் பாறை ஏறி வந்திருந்தேன்.

கீழே நூறு ஏக்கர் வெள்ளாமை கதிர் முற்றி நிற்கிறது. யானை இறங்கினால் இங்கே காவல் இருக்கும் முஹ்ஸின் டெலிபோன் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை ஜவுபர் ஹாஜியாரின் வாடியில் மணி அடிக்க வேண்டும். இந்தப் பாறைக்குப் பின்னால் கைபேசி எடுபடாது. ஒரு வயர்தான் எல்லாம். அந்த வயரைப் பார்ப்பது என் வேலை.

இந்த மாதம் இது மூன்றாவது தடவை. முதல் தடவை கிளை முறிந்து விழுந்தது, இரண்டாவது தடவை காற்றுக்கு வயர் கழன்றது. இன்று காலை ஹாஜியார் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை பழுதானால் டெலிபோனையும் கழற்றி, முஹ்ஸினையும் வேலையை விட்டு இறக்கிவிடுவாராம்.

டெலிபோன் பெட்டியைத் திறந்தேன். வயர் நுனியைத் திருகாணியிலிருந்து கழற்றி அழகாக மடக்கி வைத்திருந்தது.

"ராவு யான வந்திரிந்தா என்னடா செஞ்சிருப்பாய்?"

"வந்திரிந்தா கொளுவியிருப்பன் காக்கா."

அதற்கு மேல் கத்த முடியவில்லை. கத்த எனக்கு முகமும் இல்லை.

கை கழுவி உட்கார்ந்தேன். ஒரே சஹனில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். கருவாட்டை என் பக்கமே தள்ளித் தள்ளி விட்டான். இரண்டு மாதமாக என்னையும் யானையையும் தவிர வேறு யாரையும் காணாதவன். வாய் ஓயாமல் கதைத்தான்.

மருதமுனையில் என் வீட்டுச் சஹன் சுவரில் ஆணியில் தொங்குகிறது. என் பெண்சாதி ஸுலைஹா மௌத்தான பிறகு அதை நான் இறக்கவில்லை. தனி ஆளுக்கு ஒரு சின்னப் பீங்கான் போதும்.

சாப்பிட்டு முடிந்ததும் வயரைக் கொளுவிக் கைப்பிடியைச் சுற்றினேன். என்ன பழுது என்று ஹாஜியார் கேட்டார்.

குரங்கு என்றேன்.

பிறகு திருகாணியை இறுக்கினேன், கடைசிச் சுற்று வரைக்கும். முஹ்ஸின் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன ரெண்டு தடவயும் அரைச் சுத்து இளக்கி வெச்சிட்டுத்தானே போனீங்க காக்கா. இந்த முற காத்துக்குக் கழறல்ல. அதுதான் நானே கழட்டினன்."

ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணியை நான் இன்னொரு தடவை இறுக்கினேன்.