சுவரில் ஒரு தோணி

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த சிசிலி, களைப்பில் தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவள் கணவர் ஞானரட்ணம், தான் செதுக்கிய சின்ன மரத்தோணியைப் பட்டை உரிக்காத பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பெரிய பலகை கெடைக்கலையாங்க?"

"இதுவே தோணிக்கு நாலு மடங்கு புள்ள."

"பொண்ணு பாக்க வர்றவங்க தோணியையா பாக்கப் போறாங்க?"

"பாக்கணும்னுதானே செதுக்குனேன்."

சிசிலி பெருமூச்சோடு எழுந்து தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள்.

மாலையில் கந்தப்பளையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா, நேரே போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் சுவரில் இருந்த வெடிப்பு வழியே வெளியே மலை தெரிந்தது.

ஞானரட்ணம் தலைகுனிந்தார்.

வந்தவர் பலகையை மெதுவாகப் பழையபடி விட்டார்.

"எங்க லயத்துல இதுக்கு மாதா படம் மாட்டியிருக்கோம், சம்மந்தி."