ஊதாத் துணி

"இந்த ஊட்டுல ஒண்ணு அவ இருக்கோணும், இல்லீனா நான் இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே சொல்லிப்போடுங்க!"

செல்வமேரி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லாரிப் பட்டறையில் இருந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்த அவள் புருஷன் லாசர் திருதிருவென்று முழித்தான்.

"மெதுவாப் பேசு புள்ள. அவ உன்னைய என்ன பண்ணுனா?"

"என்ன பண்ணுலீங்க? அவ வாயைத் தொறந்தா நீங்க வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தர்றீங்க. சோத்தைப் போட்டு எத்தனை நேரமாச்சு, ஈ மொய்க்குது. த்தூ! பாக்கவே அருவருப்பா இருக்குதுங்க."

அவள் கை நீட்டிக் காட்டியது கூடத்து அலமாரியில் இருந்த ரேடியோவை. 'அவ' என்றது, அதற்குள்ளிருந்து கொஞ்சிக் கொஞ்சிப் பேசும் அறிவிப்புக்காரியை.

செல்வமேரியைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பெட்டி வந்ததில் இருந்து வீடு வீடாக இல்லை. சாயங்காலம் ஆனால் பாதித் தெரு கூடத்தில் வந்து உட்காரும், வெற்றிலை எச்சிலைச் சுவர் மூலையில் துப்பிவிட்டுப் போகும். மூத்தவள் செபமாலைக்கு நடுவில் பல்பொடி விளம்பரத்தைப் பாடுகிறாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் சின்னவள் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தபோது, நாடகம் முடியட்டும் என்று இவன் கையைக் காட்டினான் பாருங்கள், அன்றைக்குத்தான் அவளுக்கு வெறுத்துப்போனது. பெற்ற தகப்பன் செய்கிற வேலையா அது?

"மேல கையை வெச்சுப் பாருங்க, அடுப்பாட்டச் சுடுது. இது நரகத்துல இருந்து வந்ததுன்னு வேற யாரு வந்து சொல்லோணும்?"

"உள்ளார வால்வு எரியுதில்ல, பாடுனாச் சுடத்தான் செய்யும். நிறுத்துனா ஆறிப்போகுது" என்றான் லாசர் பரிதாபமாக.

மறுநாள் விபூதிப் புதன், நாற்பது நாள் தபசு காலம் ஆரம்பம். மனசுக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதை ஈஸ்டர் பண்டிகையான பாஸ்கா வரைக்கும் விட்டுவிட வேண்டும் என்று சாமியார் பூசையில் சொல்லியிருந்தார். செல்வமேரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கறியை உடறேன், பீடியை உடறேன்னு ஏமாத்த வேண்டாங்க. இதை உடுங்க. பாஸ்காவுக்குள்ள ஒரே ஒரு தடவை இது வாயைத் தொறந்துச்சு, கொழந்தைங்களக் கூட்டிக்கிட்டு நாமகிரிப்பேட்டைக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். மாதா மேல சத்தியம்!"

லாசர் தலையாட்டினான். தபசின் கடைசியில் கோயிலில் சுரூபங்களை, அதாவது சிலைகளை, ஊதாத் துணியால் மூடுவார்கள்; அதற்கு இன்னும் பல நாள் கிடந்தது. செல்வமேரி அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. பழைய ஊதாப் புடவை ஒன்றைக் கிழித்து ரேடியோவை அன்றைக்கே போர்த்திவிட்டாள்.

லாசர் சொன்ன சொல் தவறவில்லை. ஆரம்பத்தில் கை பரபரத்தது. அப்புறம் சின்னவள் எத்தனை அழகாகப் பேசுகிறாள் என்பது காதில் விழுந்தது. மூத்தவள் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளோடு கோயிலுக்குச் சிலுவைப் பாதைச் செபத்துக்குப் போய்வந்தான். செல்வமேரி மட்டும் முழங்கால் வலி என்று வீட்டிலேயே செபமாலை சொன்னாள். அவன் திரும்பி வரும்போதெல்லாம் வீட்டுப் பூனை அந்த ஊதாத் துணி மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும்.

"இதுக்குப் படுக்க வேற எடமே கெடைக்கலியா?"

"பேய் இருக்குற எடம் பூனைக்குத் தெரியுமுங்க" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை விரட்டுவாள்.

பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. சிலுவைப் பாதை பாதியிலேயே சின்னவள் தூங்கிவிழுந்ததால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்தவளையும் கூட்டிக்கொண்டு லாசர் சீக்கிரமே திரும்பினான். கூடவே கோயிலில் மணியடித்து ஊழியம் பார்க்கும் கோயில்பிள்ளை மிக்கேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதவைத் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் செல்வமேரி திறந்தாள். கையில் செபமாலை இருந்தது.

"செல்வமேரி, நீ சொன்னதுதான் நெசம். இவ காச்சல்ல முனகுறப்ப நான் கையைக் காட்டுனதை நெனைச்சா எனக்கே எம்மேல அருவருப்பா இருக்குது. பாஸ்காவுக்கு அப்பறமும் நமக்கு அந்தப் பொட்டி வேண்டாம். கோயில் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தர்லாம்னு மிக்கேலண்ணனைக் கையோட கூட்டியாந்துட்டேன்."

செல்வமேரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்பவேங்களா? பாஸ்கா போகட்டுமுங்களே..."

"நல்ல காரியத்துக்கு என்னத்துக்குப் புள்ள தவணை?"

"அதுவுஞ் சரித்தானுங்க" என்று அவள் சுதாரித்துக்கொண்டாள். "நாளைக்கு வந்தீங்கன்னா தொடைச்சு வெப்பேன்னு பாத்தேன். அந்தக் கருமத்து மேல கை பட்டே மாசத்துக்கு மேல ஆகுது. பாத்தாலே எனக்குக் கொமட்டுது."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூனை வழக்கம்போலத் துணி மேல் கண்ணை மூடிக் கிடந்தது.

மிக்கேல் பூனையை இறக்கிவிட்டார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, துணியை உருவி, இரண்டு கையாலும் ரேடியோவைப் பிடித்தவர் வெடுக்கென்று கையை எடுத்தார்.

"ஏம்ப்பா லாசரு, தபசு இருந்த பொட்டியா இது? இந்தச் சுடு சுடுது!"