சுவருக்குக் கீழே

"வாசிங்க."

ஹில்மி சார் தாளை மேசை மேல் தள்ளிவிட்டார். நிரோஷா எடுத்துப் பார்த்தாள். எழுத்தெல்லாம் வத்தேகம பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"கட்... கட்டு... கட்டுமானத்..."

"நாலு வரி வாசிக்குறதுக்குள்ள விடிஞ்சிரும் போல."

பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் கடமைக்குச் சிரித்தார்கள்.

சாரின் தலைக்குப் பின்னால் போன மாதக் கருத்தரங்கின் பேனர் இன்னும் தொங்கியது. 'டிஸ்லெக்சியா குறையல்ல, பலம்' என்று கொட்டை எழுத்து. கீழே கோட்டும் டையுமாகச் சாரின் படம். அன்றைக்கு அவர் முழங்கியதைக் கேட்டுத்தான், தனக்கும் அந்த வாசிப்புச் சிக்கல் இருக்கிறது என்று விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லியிருந்தாள். அந்தப் பேனரை நம்பிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ஏழு வருஷமாகக் கம்பனிக்குப் பிளான் வரைகிறவள். இந்த நேர்முகத் தேர்வில் மேற்பார்வையாளர் பதவி கிடைத்தால், மடுல்கெல்ல மலைச்சரிவில் கட்டப்போகும் தடுப்புச் சுவர் அவள் பொறுப்பில் வரும். அவளுக்கு அது வேண்டும். அவள் பயமும் அந்தச் சுவரைப் பற்றித்தான்.

"வாசிக்கத்தான் நேரமாகும் சார். பிளானைப் பார்த்தா எனக்கு மலையே எந்திரிச்சு நிக்கும். அந்தச் சுவர்ல தண்ணி போற வழி பிழை. மழை புடிச்சா மூணாவது தூண்கிட்ட வயிறு தள்ளிரும். கீழ இருபது வீடு இருக்கு."

"படம் பார்த்துக் கதை சொல்ற உத்தியோகமில்ல இது. அறிக்கை வாசிக்கணும், எழுதணும். போயிட்டு வாங்க."

அடுத்து வந்த முஸ்அப், ரேடியோவில் செய்தி சொல்கிறவர் மாதிரி கடகடவென்று வாசித்தான். அவன் முன்னால் யாரும் பிளானை விரிக்கவே இல்லை. பதவி அவனுக்கு. கைகுலுக்கல், கேக், குரூப் போட்டோ. அதையும் அந்தப் பேனருக்கு முன்னாலேயே நின்று எடுத்தார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு நிரோஷா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, ஹில்மி சார் படியில் மறித்தார். முன்னே பின்னே பார்த்துவிட்டு, கக்கத்திலிருந்த காகிதச் சுருளை விரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க புள்ள. நம்ம புது ஊட்டு பிளான். பின்னுக்கு மலைதான். அந்தத் தடுப்புச் சுவர ஒருக்கா பார்த்துச் சொல்லுங்களேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைத் தொடவில்லை.

"உங்க புது மேற்பார்வையாளர்கிட்ட காட்டலையா சார்?"

"யாரு, முஸ்அப்கிட்டயா? என்ன புள்ள பேசுறீங்க! அவன நம்பி எண்ட பொஞ்சாதி புள்ளைகள அந்தச் சுவருக்குக் கீழ படுக்க வைக்க ஏலுமா?"