கருவாட்டுச் சோதனை

"ம்ம், மூக்கைக் கிட்ட கொண்டாங்க!"

வேன் வாசலில் நின்றுகொண்டு, மாஸ்க் போட்ட ஆனந்தராஜ் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினார். வால்பாறைக் காட்டில் வேன் நின்று கால் மணி நேரம். ஒருத்தரும் இறங்கின பாடில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்கிற பன்னிரண்டு பேரும் சிங்கவால் குரங்கு பார்க்க வந்திருந்தார்கள். ஏற்பாடு ஆனந்தராஜ். அவர் செய்த குரங்கு பொம்மையை, "வாலு தப்பா இருக்குது" என்று கடைக்காரர் மூணு தரம் திருப்பிவிட்டார். நேரில் பார்த்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார் மனுஷன்.

"நம்ம சளி, காய்ச்சல் குரங்குக்கும் ஒட்டிக்குமாம். இருக்கறதே கொஞ்சம். ஒண்ணுக்கு வந்தா மொத்தக் கூட்டத்துக்கும் பரவும். அதுங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போவும்? வாசனை தெரியாதவங்க வேன்லயே இருங்க."

அருள்மேரி மோந்தாள். "உவ்வே!"

பாஸ்.

அவள் மகள் அனிஷா மோந்த வேகத்தில் ஓடியே போனாள். அதுவும் பாஸ்.

சாமிக்கண்ணு முகமே சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார்.

"நீங்க உக்காருங்க."

"யோவ், எனக்குக் கருவாடுன்னா உசுருய்யா! கத்திரிக்கா போட்டுக் கொதிக்கிற மாதிரியே இருக்குது."

பாஸ்.

குரங்குக்கென்று சிவசங்கரி வாங்கிவந்த வாழைப்பழத்தையும் ஆனந்தராஜ் பிடுங்கிக்கொண்டார். "தீனி கண்டா கிட்ட வரும். வேணாம்."

"ஆமா, குரங்குக்கு இவரு தாய்மாமன்!" என்றாள் சிவசங்கரி.

எல்லாரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆனந்தராஜைக் காணோம்.

"பாத்தியாக்கா?" சிவசங்கரிக்கு மூச்சு வாங்கியது. "நம்மள மேட்டுல ஏத்திவுட்டுட்டு அவரு ஜம்முனு வேன்ல குந்திக்கிட்டாரு. என் பழத்தை உரிச்சிருப்பாரு இந்நேரம்."

"சட்டமெல்லாம் நமக்குத்தான்டி," என்றாள் அருள்மேரி.

குரங்குகள் மர உச்சியில் குடும்பத்தோடு இருந்தன. அனிஷா கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டினாள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

வேனுக்குள் கால் வைத்ததுமே எல்லார் கையும் மூக்குக்குப் போனது. கருவாட்டுப் பொட்டலம் ஆனந்தராஜ் மடியிலேயே பிரிந்து கிடந்தது. பக்கத்தில் வாழைப்பழம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

"அண்ணே! இந்த நாத்தத்துல எப்படிண்ணே குந்தியிருக்கீங்க?" என்றாள் சிவசங்கரி.

"நாத்தம் அடிக்குதா?" ஆனந்தராஜ் மூக்கை உறிஞ்சினார். "காலையிலேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. மொதல்ல ஃபெயிலானது நான்தான்."

பையிலிருந்து பென்சிலும் நோட்டும் எடுத்தார்.

"அனிஷா பாப்பா, மாமாகிட்ட சரியா சொல்லு. வாலு நுனியில குஞ்சம் இருந்துச்சா?"