மனுஷன் கட்சி

"இதுல எது மனுஷனோடது, எது பூஞ்சையோடது?"

ஆய்வுக்கூடத்து மேசை மேல் நின்ற கண்ணாடிக் குழாய்களைக் குனிந்து பார்த்தபடி கேட்டாள் தையல்கடைக்காரம்மா.

"தையல்கடை வச்சிருக்கற அம்மா ஒருத்தங்க வருவாங்க. கேக்கறதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லும்மா" என்று மட்டும்தான் மேலதிகாரி சொல்லியிருந்தார். ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் சலித்துக்கொள்ளாமல் விளக்கினாள்.

"இடது பக்கம் மனுஷக் கணையத்துலேர்ந்து எடுத்த என்சைம். வலது பக்கம் பூஞ்சையோடது. ரெண்டுமே கொழுப்பை உடைக்கும். உடைஞ்சா இந்த ரோஸ் கலர் வெளுத்துடும்."

முதலில் மீன் எண்ணெய். வலது குழாய் சீக்கிரமே வெளுத்துவிட்டது. இடது குழாயில் நிறம் அப்படியே நின்றது.

அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. "ஏன், மனுஷனோடதுக்குத் தெம்பு இல்லையா?"

"தெம்பெல்லாம் இருக்கும்மா. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கொழுப்பு ஒத்துப்போகும். மீன் எண்ணெய்னா இது கொஞ்சம் மெதுவாத்தான் உடைக்கும். இப்ப பால் கொழுப்பு விடறேன், பாருங்க."

இம்முறை இடது குழாய் முந்திக்கொண்டது.

"அப்படிப் போடு" என்று மேசையைத் தட்டினாள் தையல்கடைக்காரம்மா.

"நீங்க என்னம்மா, மனுஷன் கட்சியா?" அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது.

"இதெல்லாம் எதுக்குக் கண்ணு பண்றீங்க?"

"சில குழந்தைங்களுக்குக் கணையம் வேலை செய்யாது. என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. எலும்பும் தோலுமா இருப்பாங்க. அவங்களுக்குப் பூஞ்சையிலேர்ந்து மருந்து பண்றோம். அது எங்கெங்க கோட்டை விடுதுன்னு மனுஷனோடதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். இது கிடைக்கலேன்னா எங்க வேலையே நின்னு போயிருக்கும். ஏம்மா, உங்க வீட்ல யாருக்காவது இந்தப் பிரச்சினையா?"

"இல்லம்மா. எங்க வீட்ல எல்லாருக்கும் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

கிளம்ப எழுந்தவள் உடனே நகரவில்லை. இடது குழாயை ஒற்றை விரலால் மெல்லத் தொட்டாள்.

"ரொம்ப நன்றி கண்ணு."

"நான் என்னம்மா பண்ணிட்டேன், ரெண்டு குழாயைக் காட்டினேன். அவ்வளவுதானே?"

"என் வீட்டுக்காரருக்கு ஒரு நிமிஷம் சும்மா உக்காரத் தெரியாது. சாகறதுக்கு முன்னாடி உடம்பை உங்களுக்குன்னு சொல்லிட்டுத்தான் போனார். போன பிறகும் அவரை வேலையில வச்சிருக்கீங்களே, அதுக்குத்தான்."