சத்தம் நிற்கக் கூடாது

கழுத்தின் வலது பக்கம் மரத்துப் போயிற்று. மற்றபடி அவருக்கு எல்லாம் தெரிகிறது.

முகத்துக்கு மேல் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் அவர் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறார். வலி ஒரு பொட்டுகூட இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ சுவரைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு வயசு. பீடி குடித்துத் தேய்ந்த நெஞ்சு. முழு மயக்கம் கொடுத்தால் எழுப்புவது கஷ்டம் என்று மயக்க டாக்டர் ரெஜினா சொல்லிவிட்டார். அதனால் கழுத்தில் மட்டும் ஊசி. முழித்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

இடது கையில் ஒரு ரப்பர் வாத்து. அமுக்கினால் கத்தும்.

ரெஜினா அதைக் கொடுத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பீச்சாங்கையிலயாம்மா?"

"அந்தக் கைதான் ஐயா வேணும். இந்தப் பக்கத்து மூளைதான் அந்தப் பக்கத்துக் கையை ஆட்டுது. ரத்தக்குழாயில அடைப்பை எடுக்கறதுக்குக் கொஞ்ச நேரம் அதை மூடப்போறோம். மூடினப்புறம் சத்தம் நிக்கக் கூடாது. நின்னா மூளைக்கு ரத்தம் போகலைன்னு அர்த்தம். உடனே ஒரு டியூப் வச்சு ரத்தத்தைச் சுத்து வழியா விட்டுருவோம்."

அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

டீசல் குழாயில் காற்று புகுந்தால் வண்டி நின்றுவிடும். இறங்கிப் போய் கைபம்பை அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க டீசல் ஏறும். நடுவில் கையை எடுத்தால் போச்சு, முதலிலிருந்து.

இதுவும் அதேதான். அமுக்கினால் ரத்தம் ஏறும். இதைச் சொல்ல இவ்வளவு பேச்சா?

சாவுக்கு அவர் பயப்படவில்லை. வருகிறபோது வரட்டும். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடக் கூடாது. அந்தப் பயம்தான்.

அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அருணகிரி அப்படித்தான் நாலு வருஷம் கிடந்தான். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு துணி மாற்றுவாள். பார்க்கப் போன இவரைக் கண்டதும் பாதி முகத்தால் அழுதான்.

போன மாசம் இவருக்கும் இரண்டு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடைப்பு என்றார்கள். மகள் வளர்மதி ஒண்டிக்கட்டை. இப்போது கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் அந்தப் பாரம் விழக் கூடாது என்றுதான் கழுத்தை நீட்டினார்.

"மூடறேன்," என்றார் பெரிய டாக்டர்.

கீக்.

கீக்.

"ஒரு நிமிஷம் ஆச்சு," என்றார் ரெஜினா.

கீக்.

அப்புறம் வாத்து கத்தவில்லை.

அமுக்கினார். கத்தவில்லை. விரலுக்கு மறுபடி சொன்னார். விரல் கேட்கவில்லை. யாரோ தன் கையை அவர் வயிற்றின் மேல் மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தது.

ஐயோ!

"ஐயா? தூங்கிட்டீங்களா?"

பம்ப் நின்றுவிட்டது. ரத்தம் இறங்கிவிடும். அருணகிரியின் கட்டில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வலது கை சும்மாதானே கிடக்கிறது. குளுக்கோஸ் ஏறுகிற கை, அசைக்காதீங்க என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் கிடக்கிறாள். துணிக்கு அடியிலேயே அதை மெல்ல நகர்த்தி வாத்தைப் பிடித்தார். பிடுங்க வேண்டிய வேலையே இல்லை. இடது விரல்கள் ஏற்கெனவே விட்டிருந்தன.

கீக்.

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருக்கேன்."

"பயமுறுத்திட்டீங்களே ஐயா!" ரெஜினா சிரித்துவிட்டார்.

"நாக்குதான் லேசா தடிக்குது."

"கழுத்துல ஊசி போட்டிருக்கோம்ல, அப்படித்தான் இருக்கும். சத்தத்தை விட்டுராதீங்க."

விடுவதா? நல்ல கதை. மலைப்பாதையில் ஸ்டீயரிங்கை வளைத்து வளைத்துக் காய்ச்சுப்போன கை இது.

கீக். கீக்.

பெரிய டாக்டரின் குரல் கேட்டது. "கை எப்படி இருக்கு? டியூப் வைக்கணுமா?"

அறையில் எல்லோரும் வாத்தைத்தான் கேட்கிறார்கள். அவருக்கு அது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார்.

கீக். கீக். கீக்.

"பிரமாதம் சார். முன்னைவிட பலமா அமுக்கறார். டியூப் தேவையில்ல."

"அப்ப அப்படியே பண்ணிடலாம். அரை மணி நேரம்."

அப்பாடா என்று இருந்தது. நல்லவேளை, சமயத்தில் புத்தி வேலை செய்தது. வெளியே போனதும் வளர்மதியிடம் சொல்ல வேண்டும், திட்டுவாள், திட்டட்டும்.

ரெஜினா துணியை லேசாக விலக்கிக் குனிந்தார். முகத்தில் அத்தனை அன்பு.

"கை வலிச்சா சொல்லுங்க ஐயா. மருந்து தர்றேன்."

"வலியே இல்லம்மா," என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது. "சாயங்காலம் வரைக்கும்கூட அமுக்குவேன்."

ரெஜினா துணியை இழுத்து விட்டார்.

இடது காலையும் இப்போது காணவில்லை. ரத்தம் போதவில்லை போலிருக்கிறது.

அவர் இன்னும் வேகமாக அமுக்கினார்.