எதிர் நாற்காலி

உடம்பைக் குறைக்கப் புதுப் பழக்கம் ஒன்றைச் சோதிக்கிறோம், சேருகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மாத்திரையும் இல்லை, பட்டினியும் இல்லை. எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, என் சாப்பாட்டில் பாதியை அதன் முன்னால் வைத்துவிட்டு, மீதியை மெதுவாகச் சாப்பிட வேண்டும்.

"எதிர்ல ஒருத்தர் இருக்கறதா நெனச்சுக்கோங்க, அவ்ளோதான்" என்றார் ஆலோசகர்.

எடை மளமளவென்று இறங்கியது. ஆலோசகருக்கு வாயெல்லாம் பல். ஆனால் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் எதிர்த் தட்டு காலியாகிவிடும். கணவர்தான் தின்கிறார் என்று நான் நினைத்தேன். நான் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று அவர் நினைத்தார்.

சோதனை முடிந்தது. "இனிமே அந்த நாற்காலிய எடுத்துடலாம்" என்றார் ஆலோசகர். வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கணவரும் தம் கட்டி இழுத்தார்.

"பிளாஸ்டிக் நாற்காலி இவ்ளோவா கனக்கும்?"

அதன் கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் என் நாற்காலி அப்படித்தான் வளையும்.

அதற்குப் பிறகும் என் எடை இறங்குவது நிற்கவில்லை. வளையல்கள் கையில் தங்கவில்லை.

நேற்று மதியம் கணவர் பரிமாறினார். ஒரே ஒரு தட்டு. அதை எதிர்ப்பக்கம் வைத்தார்.

"போதுமாம்மா, இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று அங்கே பார்த்துக் கேட்டார்.

"ஏங்க, நான் இங்க இருக்கேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போய், மூலையில் மற்ற நாற்காலிகளின் மேல் அடுக்கினார்.